கடல் பக்கத்துச் சுவர்

பல் செட்டை இப்படிக் குடுங்க ஐயா. ம்... நடுவுல விரிசல் விட்டிருக்கு. எதைக் கடிச்சீங்க? சீர்த் தட்டு முறுக்கா? வேண்டாம், வேண்டாம், சொல்ல வேண்டாம். பல் இல்லாம நீங்க பேசுனா எனக்கும் புரியாது, உங்களுக்கும் கூச்சமா இருக்கும். துண்டால வாயை மூடிக்கிட்டு அந்த நாற்காலியில உட்காருங்க. ஒட்டணும், அது இறுகணும், அப்புறம் தேய்க்கணும். கொஞ்ச நேரம் ஆகும். காலையில பந்தியில உட்காரும்போது வாயில பல் இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு.

அதைத் தொடாதீங்க.

தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள வர்றவங்க எல்லாரும் முதல்ல அதுமேலதான் கை வைப்பாங்க. விளையாட்டுச் சாமான் இல்ல ஐயா அது. இந்த ஊர் ரயில்வே கூட்ஸ் ஷெட். நிஜ ஷெட் எவ்வளவோ, அதுல எண்பத்தேழுல ஒரு பங்கு. செங்கல் ஒவ்வொண்ணும் பல்லு கொத்துற ஊசியால கீறினது. சுவர் எல்லாம் பல் அச்சு எடுக்குற மாவு. ஓடு மட்டும் ஈறு செய்யுற சிவப்பு. அதான் ஓட்டுக்கு அந்த நிறம் அப்படி அமைஞ்சுது. எனக்கு வேற சாமான் வாங்கத் தெரியாது.

நீங்க வெளியூர். கல்யாணத்துக்கு வந்தவரு. உங்களுக்கு இந்தக் கொற்றந்துறை மீன் வாடை அடிக்கிற ஊர், அவ்வளவுதான். ஒரு காலத்துல இங்க கப்பல் வந்து நின்னுருக்கு. ரயிலு கடல் ஓரம் வரைக்கும் வரும். ஷெட்டுக்கு ஒரு பக்கம் கூட்ஸ் வண்டி, மறு பக்கம் படகு. வண்டியிலேருந்து மூட்டை ஷெட்டுக்குள்ள போயி, மறு வாசல் வழியா படகுக்கு இறங்கும். அப்புறம் கப்பல் வர்றது நின்னுது. ரயிலும் நின்னுது. ஷெட்டை மூடுனாங்க. ஒரு புயல்ல கூரை போச்சு. மிச்ச செங்கலை ஊர்க்காரங்க வீட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க. நான் கும்பகோணத்துக்காரன். இங்க வந்து கடை போட்டப்போ அந்த இடத்துல மணலும் கருவேலமும்தான். நான் அந்த ஷெட்டைப் பார்த்ததே கிடையாது.

பார்க்காததை ஏன் செய்யணும்னு கேக்குறீங்க. கேக்கல? சரி, கண்ணு கேக்குது.

திருச்சியில எங்களை மாதிரி ரயில் மாடல் செய்யுற ஆளுங்க கூடுவோம். வருஷா வருஷம் ஒரு கண்காட்சி. போன வருஷம் 'இப்போது இல்லாத ரயில் கட்டடங்கள்'னு தலைப்பு குடுத்தாங்க. எல்லாரும் படம் இருக்குற கட்டடத்தைத்தான் செய்வாங்க, அது எனக்குத் தெரியும். படமே இல்லாத ஒண்ணை அளவு தப்பாம செஞ்சு வச்சா எப்படி இருக்கும்? அதான். ரயில்வே ஆபீஸ்ல எழுதிப் போட்டேன், பழைய காகிதம் ஒண்ணும் இல்லைன்னு பதில் வந்துது. சரி, பார்த்தவங்க ஊர்ல இருப்பாங்கல்ல, கேட்டுக்கலாம்னு கிளம்பினேன்.

ஐயா, ஜனங்ககிட்ட ஒரு விஷயம் கேட்டு அதுக்குப் பதில் வாங்குறது இருக்கே, கடவாய்ப் பல்லைப் பிடுங்குறது சுலபம்.

பக்கிரிசாமின்னு ஒருத்தர். அந்த ஷெட்ல ரயில் பக்கம் மூட்டை தூக்குனவர். இப்ப மீன் ஏலம் விடுற இடத்துல காவலுக்கு இருக்கார். அவர்கிட்டப் போயி, "ஷெட்டுக்குப் பக்கத்துல எத்தனை லைன் போட்டிருந்தாங்க?"ன்னு கேட்டேன். அவர் பதில் சொல்லாம அவர் தம்பி கதையை எடுத்துட்டார். தம்பியும் அங்கதான் மூட்டை தூக்கியிருக்கார். ஒரு நாள் சாயந்திரம் வண்டியைப் பின்னால தள்ளும்போது ரெண்டு பெட்டிக்கு நடுவுல மாட்டிக்கிட்டார். கல்யாணம் ஆகி ஆறு மாசம். இவர்தான் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கார். வழியிலேயே போயிட்டாராம்.

நான் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேன். கேட்டுட்டு, "அது ஷெட்டை ஒட்டின லைனா, வெளி லைனா?"ன்னேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பல்லுக்காரரே, நான் தம்பியைப் பத்திச் சொல்றேன். நீங்க தண்டவாளத்தைக் கேக்குறீங்க."

"ரெண்டு லைன் இருந்துச்சுன்னு இதுலேருந்து எடுத்துக்கலாமா?"

எழுந்து போயிட்டார். ரெண்டு லைன்தான், பின்னால உறுதியாச்சு. ஆனா பாருங்க, அன்னைக்கே சொல்லியிருந்தா எவ்வளவு நேரம் மிச்சம்?

இப்படியே ஊரெல்லாம். ஒருத்தர் அங்க வெங்காய மூட்டைக்குப் பின்னாடி பீடி குடிச்சதைச் சொல்வார். ஒருத்தர் அடி வாங்கினதைச் சொல்வார். கதவு எத்தனைன்னு கேட்டா, "கதவை யாருங்க எண்ணுவா?"ம்பாங்க. அதுலயும் கடல் பக்கத்துச் சுவர் எப்படி இருந்துச்சுன்னு சொல்ல ஒரு ஆள் கிடையாது. அந்தப் பக்கம் வேலை பார்த்தவங்க ஒருத்தரும் இப்ப உயிரோட இல்ல, மிச்சப் பேரெல்லாம் ரயில் பக்கமும் ரோட்டுப் பக்கமும் நின்னு பார்த்தவங்க.

அப்பதான் மின்சார ஆபீஸ். கரண்டு பில் கட்ட வரிசையில நின்னுக்கிட்டு, முன்னால நின்னவர்கிட்ட வழக்கம்போல இதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். கவுண்டர்ல இருந்த அம்மா காசை எண்ணிக்கிட்டே, நிமிராமலேயே சொன்னாங்க: "எங்க அப்பா அங்க கூட்ஸ் கிளார்க்."

அவங்க பேரு தையல்நாயகி. வருஷக்கணக்கா அந்தக் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவங்க. "சில்லறை இருக்கா?"ன்னு அவங்க கேப்பாங்க, "இல்ல"ன்னு நான் சொல்வேன். அதைத் தாண்டிப் பேசினதே கிடையாது. "எப்ப வந்து பேசலாம்?"னேன். "ஞாயித்துக்கிழமை வாங்க"ன்னாங்க.

போனேன். ரயிலடித் தெருவுல சின்ன வீடு. அப்பா அம்மா போயாச்சு. தனியாத்தான் இருக்காங்க. கல்யாணம் பண்ணிக்கல. எனக்கும் ஆகல. என் விஷயம் வேற, தங்கச்சிங்க கல்யாணத்துல வருஷம் போயிடுச்சு, நான் கவனிக்கல. அது இருக்கட்டும். நான் முதல் கேள்வி கேட்டேன்: "வாசல் எவ்வளவு உயரம்?"

அவங்க கொல்லைப் பக்கம் பார்த்துக்கிட்டே சொன்னாங்க: "அப்பா சைக்கிள்லேருந்து இறங்காமலேயே உள்ள போவார். தலையில தொப்பி இருக்கும். தலையைக் குனிய மாட்டார்."

ஐயா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. இப்படிச் சொல்றவங்கதான் வேணும். அப்பா உயரம் கேட்டேன், சைக்கிள் இன்னும் கொல்லையில நின்னுக்கிட்டிருந்துச்சு, சீட்டோட உயரத்தை அளந்தேன். வாசல் கிடைச்சுடுச்சு. அடுத்த கேள்விக்குப் போனேன். அவங்க காப்பி எடுத்துட்டு வந்து வச்சு, "மீதி அடுத்த வாரம். ஞாபகப்படுத்திப் பார்த்துச் சொல்றேன்"னாங்க.

சில பேருக்கு ஞாபகம் குழாயைத் திறந்த மாதிரி கொட்டும். சில பேருக்குச் சொட்டுச் சொட்டாத்தான். இவங்க சொட்டு. ஒரு ஞாயித்துக்கிழமைக்கு ஒரு விஷயம்தான். அதுக்கு மேல வராது. நானும் அவசரப்படுத்தல.

கடல் பக்கத்துச் சுவர் எப்படி இருந்துச்சுன்னு அவங்கதான் சொன்னாங்க. தண்ணிக்கு இறங்க அகலமா கல்படி. அதுக்கு அடுத்த வாரம், படிக்கு மேல ஒரு தாழ்வாரம். தாழ்வாரத்தைத் தாங்க இரும்புச் சட்டம், சட்டம் சும்மா இல்ல, மீன் வால் மாதிரி வளைஞ்சிருக்கும்னாங்க. அந்த மீன் வாலை நான் மெழுகுல செதுக்கி, உலோகத்துல வார்த்து எடுத்தேன், பல்லுக்குக் கொக்கி வார்க்குற மாதிரியே. நகத்தை விடச் சின்னது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ராத்திரிச் சாப்பாடு போச்சு. கொண்டு போயிக் காட்டினேன். உள்ளங்கையில வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "இவ்வளவு அழகா இருந்துச்சா?"ன்னாங்க. "நீங்கதானே சொன்னீங்க?"ன்னேன். "ஆமா, நான்தான் சொன்னேன்"னாங்க.

போகப் போக காப்பியோட நிக்கல. மத்தியானச் சாப்பாடு ஆயிடுச்சு. கெழங்கான் மீன் குழம்பு, முருங்கைக்கீரை, ஒரு நாள் இறால். நான் மெஸ்ல சாப்பிடுறவன், வேண்டாம்னு சொன்னா தகவல் நின்னு போயிடுமோன்னு சாப்பிட்டேன். "உப்பு சரியா இருக்கா?"ம்பாங்க. "இருக்கு. அந்தத் தாழ்வாரத்துக்குக் கூரை ஓடா, தகரமா?"ம்பேன். தலையில பூ வச்சிருப்பாங்க, நல்ல புடவை கட்டியிருப்பாங்க. ஞாயித்துக்கிழமையாச்சே, எங்கேயோ கிளம்பிக்கிட்டு இருந்தவங்களை நான் வந்து கெடுக்குறேனோன்னு எனக்குச் சங்கடமாத்தான் இருக்கும். ஒரு தடவை கேட்டும் பார்த்தேன், "எங்கயாவது போகணுமா?"ன்னு. "இல்ல"ன்னாங்க. அப்ப எதுக்குப் பூன்னு எனக்குத் தோணுச்சு. கேக்கல. அது ஷெட் விஷயம் இல்ல.

ஒரு வாரம், தாழ்வாரத்துல ஒரு பெஞ்சு இருந்துச்சுன்னாங்க. கடலைப் பார்த்துப் போட்டிருப்பாங்களாம். ரெண்டு பேர் உட்காரலாமாம். "எவ்வளவு நீளம்?"னு கேட்டேன். அடியில சொல்லத் தெரியல. அவங்க வீட்டு ஹால்ல ஒரு பெஞ்சு கிடந்துச்சு. அதுல ஒரு ஓரமா உட்கார்ந்துக்கிட்டு, "இப்படி உட்காருங்க, சொல்றேன்"னாங்க. நான் அந்த ஓரத்துல உட்கார்ந்தேன்.

"இவ்வளவு இல்ல. இன்னும் கொஞ்சம் கம்மி."

நகர்ந்து உட்கார்ந்தேன்.

"இன்னும் கொஞ்சம்."

நகர்ந்தேன்.

"இவ்வளவுதான் இருக்கும்"னாங்க.

அப்படியே இருங்கன்னு சொல்லிட்டு டேப்பை எடுத்து அளந்தேன். நாலடிக்கும் குறைவு. "ரயில்வே பெஞ்சு இவ்வளவு சின்னதா இருக்காதே"ன்னேன். அவங்க எழுந்து அடுப்படிக்குப் போயிட்டாங்க. அன்னைக்கு ரசம் கொஞ்சம் காரம்.

எல்லாத்துக்கும் கடைசியா ஒரு வட்ட ஜன்னல். கடல் பக்கத்துச் சுவர்ல, உயரத்துல. அதைக் குடைய எனக்கு ஒரு வாரம் ஆச்சு. கண்காட்சிக்கு இன்னும் மாசக்கணக்கு இருந்துச்சு. என் மனசுக்கு ஷெட் முடிஞ்சுபோச்சு. ஆனாலும் ஞாயித்துக்கிழமை போய்க்கிட்டிருந்தேன். விட்டுப் போனது ஏதாவது இருக்கும்ல?

கொஞ்சம் இருங்க. இது இறுகிடுச்சான்னு பார்க்குறேன். இன்னும் இல்ல. இருமல் வந்தா இருமுங்க, துண்டு எதுக்கு இருக்கு.

கார்த்திகை மாசம் கடல் பொங்குச்சு. ஒரு ராத்திரியில கரை மணலையெல்லாம் வாரி எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. காலையில பக்கிரிசாமி வந்து கடை வாசல்ல நின்னார். என் மேல கோவமா இருந்த மனுஷன்தான், ஆனாலும் வந்தார். "பல்லுக்காரரே, உங்க ஷெட்டு வெளிய வந்திருக்கு, வாங்க"ன்னார்.

ஓடினேன். நிஜமாவே ஓடினேன், கடையைப் பூட்டாம. அங்க அடித்தளம் மொத்தமும் கல்லு கல்லாத் தெரியுது. நாலு பக்கமும். வாசல் இருந்த இடத்துலயெல்லாம் தேய்ஞ்ச வாசற்கல்லு. வெறும் வார்த்தையா கேட்டுக்கிட்டிருந்த கட்டடம் காலடியில கிடக்குது. டேப்போட ஒரு முனையைப் பக்கிரிசாமிகிட்டக் குடுத்தேன். அவர் பிடிச்சுக்கிட்டார். ஒவ்வொரு வாசலா அளந்துக்கிட்டே வந்தோம். ரயில் பக்கத்துல ஒரு இடத்துல அவர் நின்னுட்டார். நகரல.

"என்ன?"ன்னேன்.

"இங்கதான்"னார்.

"எது?"

"தம்பி."

ரெண்டாவது வாசலுக்கும் மூணாவது வாசலுக்கும் நடுவுல. குறிச்சுக்கிட்டேன். ஷெட்டை ஒட்டின லைன்தான் அது. அவர் டேப்பை விடல, பிடிச்சுக்கிட்டே நின்னார். நான் கொஞ்ச நேரம் இழுக்காம இருந்தேன். அதுக்கு அப்புறம்தான் கடல் பக்கம் போனோம்.

கடல் பக்கம் படி இல்ல ஐயா.

படி இல்ல, தாழ்வாரத்துக்குத் தூண் நட்ட குழி இல்ல, பெஞ்சு போட இடமே இல்ல. சுவரு நேரா தண்ணிக்குள்ள இறங்குது. ரெண்டு வாசல், வாசலுக்கு நேரே படகு கட்டுற இரும்பு வளையம். அவ்வளவுதான். படகு சுவரை ஒட்டியே வந்து நிக்கும்போல, மூட்டையை வாசல்லேருந்து நேரா உள்ள இறக்கியிருக்காங்க. தாழ்வாரம் போட்டா படகு முட்டும். யோசிச்சிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கணும். அந்தச் சுவரோட மேல் பாதி மட்டும் ஊர்க்காரங்க கையில சிக்காம மணலுக்கு அடியில கவிழ்ந்து கிடந்திருக்கு, இப்ப வெளிய வந்துடுச்சு. முழுசாத் தடவிப் பார்த்தேன். வட்டமா ஓட்டை எதுவும் கிடையாது.

நான் அங்கேருந்து நேரா மின்சார ஆபீஸுக்குப் போனேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியல. கால்ல மணல், கையில டேப்பு. பில் கட்டக் கடைசி நாள் போல, வரிசை வாசல் வரைக்கும் நின்னுது. நான் யாரையும் பார்க்கல, நேரா கவுண்டர் முன்னாடி போயி நின்னேன்.

"கடல் பக்கம் படிக்கட்டு இருந்துச்சா, இல்லையா?"

அவங்க நிமிர்ந்து பார்த்தாங்க. "நம்பர் சொல்லுங்க."

"படிக்கட்டு இருந்துச்சா, இல்லையா?"

"சார், பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

பின்னாடி நின்னவங்க, "என்னய்யா படிக்கட்டு?"ன்னாங்க. பக்கிரிசாமி எனக்குப் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கிட்டு வந்து நின்னார். நான் சொன்னேன், அடித்தளம் வெளிய வந்திருக்கு, அளந்துட்டுத்தான் வர்றேன்னு. அவங்க கையில இருந்த நோட்டைக் கீழ வச்சாங்க.

"படிக்கட்டு இல்ல. தாழ்வாரம் இல்ல. வட்ட ஜன்னலும் இல்ல. அப்பா அங்க வேலை பார்த்தது நிஜம். சைக்கிள் நிஜம். நான் கடைசியா அங்க போனப்போ சின்னப் பொண்ணு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

"பின்ன ஏன் சொன்னீங்க?"

"நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா நான் உங்க வீட்டுக்கு வந்திருக்கவே மாட்டேனே!"

 

"அதான்"னாங்க. 'கவுண்டர் மூடப்பட்டது'ன்னு ஒரு பலகை இருக்கும்ல, அதை எடுத்துக் கம்பிக்கு முன்னால வச்சுட்டு எழுந்து உள்ள போயிட்டாங்க. வரிசையில நின்னவங்க எல்லாரும் என்னைத் திட்டுனாங்க. பக்கிரிசாமி திட்டல. என் தோள்ல கை வச்சு, "யோவ், உனக்கு நெசமாவே புரியலையா?"ன்னார்.

புரியாம என்ன? பொய் சொல்லியிருக்காங்க. அது நல்லாவே புரிஞ்சுது. 'அதான்'னா என்ன அர்த்தம், அதுதான் கொஞ்சம் விளங்கல.

வீட்டுக்கு வந்து படியைப் பேர்த்தேன். தாழ்வாரத்தைக் கழட்டினேன். மீன் வால் எல்லாத்தையும் ஒரு டப்பாவுல போட்டு மூடினேன். வட்ட ஜன்னலை மாவு வச்சு அடைச்சுத் தேய்ச்சேன். உத்துப் பார்த்தாக்கூட தெரியாது, இப்பப் பாருங்க. இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. தெரியுதா? தெரியாது.

அந்த வாரம் எனக்கு உடம்பு சரியில்ல. ஒருத்தர் வாய்க்கு எடுத்த அளவை மாத்தி இன்னொருத்தருக்குச் செட்டு செஞ்சுட்டேன். இந்தத் தொழிலுக்கு வந்ததுலேருந்து அப்படி ஆனதில்ல. அந்த மனுஷன் வாயில போட்டுக்கிட்டு, சிரிக்கவும் முடியாம மூடவும் முடியாம உட்கார்ந்திருந்தார். காய்ச்சலா இருக்கும்னு தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தேன். காய்ச்சல் இல்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மெஸ்ஸுக்குப் போனேன். அந்த மெஸ் குழம்பு எப்பவும் அப்படித்தான் இருந்திருக்கும், எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

திருச்சிக்குக் கொண்டு போனேன். ஷெட் அங்க நின்னுது. வர்றவங்க பார்த்தாங்க, போனாங்க. நாலு சுவரு, ஓட்டுக்கூரை, வாசல். ஒரு அம்மா தன் குழந்தைகிட்ட "இது குடோன்"னு சொல்லிட்டு அடுத்த மேசைக்கு இழுத்துக்கிட்டுப் போனாங்க. ஆனா நடுவரா வந்த இன்ஜினியர் ரொம்ப நேரம் குனிஞ்சு பார்த்தார். அடித்தளத்து அளவையெல்லாம் காட்டினேன். அளவு சுத்தத்துக்கு எனக்குத்தான் முதல் பரிசு குடுத்தாங்க. கேடயம். அதோ, அலமாரி மேல இருக்கு. கொண்டு வந்து மெஸ்காரர்கிட்டக் காட்டினேன். "ரெண்டு தோசையா, மூணா?"ன்னார்.

சரியா செஞ்சு முடிச்சுட்டேன்னு அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடணும்னு தோணுச்சு. தப்பு அவங்க மேல. ஆனாலும் சொல்றது முறைதானே. ரயிலடித் தெருவுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்துச்சு. மாற்றல் வாங்கிக்கிட்டு மன்னார்குடி போயிட்டாங்கன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. கேட்டு வாங்கிக்கிட்டுப் போனாங்களாம்.

திரும்பி வரும்போது பக்கிரிசாமியைப் பார்த்தேன். அவர் அப்பத்தான் ஒரு விஷயம் சொன்னார்.

"அந்தப் பொண்ணு சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஆபீஸ் முடிஞ்சு எங்ககிட்ட வரும், தெரியுமா? கடல் பக்கம் எப்படி இருந்துச்சுண்ணே, ஏதாவது ஞாபகம் இருக்கான்னு கேக்கும். அந்தக் காலத்துல படகு வச்சிருந்த மரைக்காயர் வீட்டுல போயிக் கேட்டிருக்கு. இப்ப இருக்குற படகுக்காரங்ககிட்டக் கேட்டிருக்கு. யாருக்கும் ஒண்ணும் தெரியல. வெறுங்கையோட போகும். மறுநாள் உனக்குச் சொல்ல வேணும்ல?"

"அப்ப சொந்தமா எதுவுமே தெரியாமத்தான் எங்கிட்ட ஒத்துக்கிட்டாங்களா?"ன்னேன்.

பக்கிரிசாமி என்னைப் பார்த்தார். முன்னே தண்டவாளத்தைக் கேட்டப்போ பார்த்தாரே, அதே பார்வை. ஆனா இந்தத் தடவை எழுந்து போகல. "உக்காரு"ன்னார். உட்கார்ந்தேன். ஒரு பீடியைப் பத்த வச்சார். குடிச்சு முடிச்சுட்டு, "அவ்வளவு அலைஞ்சிருக்குய்யா அது"ன்னார்.

அந்த ராத்திரி எனக்குச் சரியாத் தூக்கம் வரல. தாழ்வாரம் போயி ஷெட்டு மொட்டையா இருக்குன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். சரியா இருக்கு, ஆனா மொட்டையா இருக்கு.

இந்தாங்க, உங்க செட்டு ஆயிடுச்சு. போட்டுப் பாருங்க. கடிங்க. வலப்பக்கம் இடிக்குதா? இல்லையா? நல்லது. இப்ப நீங்க பேசலாம். பேசலையா? முழுசாக் கேட்டுட்டுப் போறீங்களா? சரி.

போன மாசம் மன்னார்குடிக்குப் போனேன். பல் மாவு அங்க மலிவுன்னு யாரோ சொன்னாங்க. மலிவு இல்ல. வந்தது வந்தோம், கரண்டு பில்லை எங்க வேணும்னாலும் கட்டலாமேன்னு மின்சார ஆபீஸுக்குப் போனேன். கடைசிக் கவுண்டர்ல அவங்க. குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தாங்க.

"நம்பர்?"

சொன்னேன். எழுதின கை நின்னுது. நிமிர்ந்தாங்க.

"சொல்லுங்க சார்."

பரிசு கிடைச்சதைச் சொல்லத்தான் போனேன். சத்தியமா அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "மாடி"ன்னு வந்துச்சு.

"என்ன மாடி?"

"ஷெட்டுக்கு மாடி. அதுக்கு எந்தப் பக்கமா ஏறுவாங்க?"

அந்த ஷெட்டுக்கு மாடி கிடையாது ஐயா. கிடையவே கிடையாது. அந்தக் கல்லையெல்லாம் கையால தடவிப் பார்த்தவன் நான். அது அவங்களுக்கும் தெரியும். பொய் சொல்ற பழக்கம் விட்டுப் போச்சான்னு சோதிச்சுப் பார்க்கத்தான் கேட்டேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

அவங்க என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. கண்ணு கலங்குன மாதிரி இருந்துச்சு, கம்பி வலையில சரியாத் தெரியல.

"இங்க உட்கார்ந்துக்கிட்டுச் சொல்ல முடியாது. ஞாயித்துக்கிழமை வாங்க."

போனேன். வாடகை வீடு, ஒரு அறைதான். சாப்பாடு போட்டாங்க. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் ஷெட்டைப் பத்திப் பேசவே இல்ல. உப்பு சரியா இருக்கான்னு கேட்டாங்க. நல்லா இருக்குன்னேன். முன்னேயும் நல்லா இருந்துச்சு, சொல்லாம விட்டுட்டேன்னும் சொன்னேன். கை கழுவிட்டு வந்து உட்கார்ந்தேன். மாடி எப்படி இருந்துச்சுன்னு சொல்வாங்கன்னு பார்த்தா, சொல்லல.

"இவ்வளவு நாள் நான் சொன்னேன். இந்தத் தடவை நீங்க சொல்லுங்க. மாடியில என்ன இருந்துச்சு?"

ஐயா, அளந்து பார்க்காத ஒரு விஷயத்தை நான் இதுவரைக்கும் வாயால சொன்னது கிடையாது. ஒரு பல்லு பாதி நூல் அளவு இடிச்சாலும் திரும்பத் தேய்க்குறவன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவங்க அவசரப்படுத்தல.

"ஒரு ஜன்னல் இருந்துச்சு"ன்னேன். "கடலைப் பார்த்து."

"பெரிசா?"

"பெரிசு."

"எவ்வளவு பெரிசு?"

"அளக்கல"ன்னேன்.